கூட்டாத முற்றம்

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்தில், ரானுயி ரயில் நிலையத்திலோ, ஹெண்டர்சனுக்குப் போகும் பேருந்திலோ யாராவது அந்த அம்மையாரிடம் எந்த நாடு என்று கேட்டால், அவர் சற்றும் தயங்காமல் "இலங்கை" என்பார். கேட்டவர் அவருடைய நீலக் கண்களையும், அகன்ற கன்னத்தையும், நரைத்த பின்னும் பொன்னிறம் முற்றாக மறையாத தலைமுடியையும் பார்த்துவிட்டு, தம்மைக் கேலி செய்கிறார் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது கேலியன்று. முன்பெல்லாம் அவர் "ரஷ்யா" என்றுதான் சொல்லிவந்தார். கேட்டவர்கள் அங்கே குளிர் எப்படி என்று விசாரிப்பார்கள். 2022ஆம் ஆண்டு உக்ரைன் மீது படைகள் நுழைந்த பிறகு, விசாரிப்பின் தொனி மாறிவிட்டது. அன்றிலிருந்து அவர் இலங்கையர் ஆனார்.

அவர் பெயர் கிளாவ்தியா. கணவர் தியாகலிங்கம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலைச் சேர்ந்தவர். புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவில் பொறியியல் படிக்கச் சென்று, பட்டத்தோடும் மனைவியோடும் ஊர் திரும்பியவர். "கிளாவா" என்று மகன் கூப்பிட்ட பெயரை மாமியார் முதல் நாளே "கலா" என்று திருத்திவிட்டார். ஊரும் அப்படியே அழைத்தது. நான் அப்போது அடுத்த ஒழுங்கையில் குடியிருந்து, பாடசாலையில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவர் கலா அக்காதான். பின்னர் வெவ்வேறு ஆண்டுகளில் ஒக்லாந்து வந்து சேர்ந்த எங்கள் இரு குடும்பங்களும் மீண்டும் ஒரே புறநகரில், ஒரே குன்றின் மேலும் கீழுமாகக் குடியமர்ந்தோம்.

கொக்குவிலுக்கு அவர் வந்த மறுநாள் நடந்ததை அவருடைய மாமியார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். தியாகலிங்கம் வேலை நியமனம் தொடர்பாக விடியற்காலையிலேயே கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். வீட்டில் எஞ்சியவர்கள், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு பெண்கள். அயல்வீட்டுப் பெண்ணொருத்தி உதவி செய்யும் எண்ணத்தில் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டக் குனிந்தாள். உடனே மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டார்கள். பயணம் போனவரின் காலடி பதிந்த இடத்தை அவர் போனவுடன் கூட்டக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கலா அக்கா பிறந்து வளர்ந்த, ரஷ்யாவின் வியாஸ்மாப் பக்கத்துக் கிராமங்களிலும் அதுவே வழக்கமாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எங்கள் ஊரில் சற்று நேரம் பொறுத்தால் போதும். கலா அக்காவின் தாயார் வீட்டிலோ, போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற சொல் வந்து சேரும்வரை விளக்குமாற்றைத் தொடமாட்டார்கள்.

அந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் எங்களுக்குப் புதிது. யாராவது பயணம் புறப்படும்போது, போகிறவரும் வழியனுப்புகிறவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார வேண்டும். அதன் பின்னரே எழுந்து போகலாம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு நாள்தோறும் ரயிலில் போன தியாகலிங்கம், இதனாலேயே சில நாள்கள் ரயிலைத் தவறவிட்டதாகச் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

கலா அக்கா பிறந்த கிராமம் பழைய ஸ்மோலென்ஸ்க் சாலையோரத்தில் இருந்தது. மேற்கிலிருந்து மொஸ்கோவை நோக்கிச் செல்ல விரும்பும் எந்தப் படையும் அந்தச் சாலைப் பக்கமாகத்தான் நடக்கும். போலந்துப் படை நடந்தது. பிரெஞ்சுப் படை நடந்தது. ஜெர்மானியப் படையும் நடந்தது. மூன்றாவதாக வந்தவர்கள் பின்வாங்கும்போது கிராமத்தை எரித்துவிட்டுப் போனார்கள். கலா அக்காவின் தாயார், எரிந்த வீட்டின் அடியிலேயே குழி வெட்டி, மேலே மரக்கட்டைகளை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, அதற்குள் குடியிருந்தார். போர் முடிந்து தந்தை நொண்டிக்கொண்டு திரும்பினார். மறு ஆண்டு அந்தக் குழிக்குள்தான் கலா அக்கா பிறந்தார். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் குண்டுகள் விழத் தொடங்கி, வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டியபோது, அவர் மட்டும் அதன் விளிம்பில் நின்று அழுதார். இப்படியொரு குழிக்குள்ளிருந்துதான் தாம் வெளியே வந்ததாகச் சொன்னார். அவர் அழுது நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ரஷ்யரின் இயல்பு என்ன என்பதை நான் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். மலையோ கடலோ அரணாக நில்லாத சமவெளி; கிழக்கிலிருந்து மொங்கோலியர்; மேற்கிலிருந்து ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஒரு படை; எனவே துன்பத்தைத் தாங்கும் ஆற்றல், அயலாரிடம் ஐயம், வலிய அரசனுக்கு அடங்கும் மனம், மண்ணோடு பிரியாத பற்று. இவ்வாறு நான் சொல்லச் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். நான் சொன்னவற்றில் பிழை இருந்ததாக இன்றும் நான் கருதவில்லை. ஆனால், அடுத்த ஒழுங்கையில் ஒரு ரஷ்யப் பெண் மாமியாருக்குக் குரக்கன் பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் நான் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. இதில் எனக்கு இப்போது வியப்புண்டு.

ரானுயியில் அவருடைய கராஜில் கார் நின்றதில்லை. சுவரோரம் பலகைத் தட்டுகள் அடித்து, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, அரிசி, மாவு, வெட்டி அடுப்பில் உலர்த்திய பாண் ரொட்டித் துண்டுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்து ரதிதேவி அதற்கு, ஊரில் பங்கீட்டுச் சாமான் கொடுக்கும் கடையை நினைத்து, "கூப்பன் கடை" என்று பெயர் வைத்தாள். அதைக் கேட்டும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. எவரையும் பார்த்துச் சும்மா சிரிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. சிரிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பார். கடைகளில் முன்பின் அறியாதவர்கள் புன்னகைத்து நலம் விசாரிக்கும் இந்த நாட்டில், அந்த ஒரு குணத்தாலேயே அவருக்கு நண்பர்கள் அமையவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் எவரும் வயிறு நிறையாமல் திரும்பியதில்லை.

வியாஸ்மாவில் அவருடைய தமக்கை தமாரா இருக்கிறார், முதியவர். ஞாயிறு தோறும் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். போர் தொடங்கிய பின், மேற்கிலிருந்து மறுபடியும் எதிரி வருகிறான் என்று தமாரா சொன்னார். இந்த முறை வரவில்லை, நாம்தான் போயிருக்கிறோம் என்று இவர் சொன்னார். அத்தோடு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நின்றது. இதை என்னிடம் சொன்னபோது அவருடைய குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அவள் பொய் சொல்லேல்லை, மாஸ்ரர். அவளுக்குப் பயம். எங்கள் எல்லாருக்கும் பிறக்கேக்கையே பயம். பயந்தவன்ரை கையிலை தடியைக் குடுத்தால், அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் அடிப்பான்."

இனி, 1995ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஐப்பசி மழையில், அரசுப் படை நெருங்குகிறது, எல்லோரும் உடனே வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நானும் என் மனைவி மக்களோடு நடந்தேன். கலா அக்காவின் மாமியார் அப்போது படுத்த படுக்கை. வீட்டைவிட்டுத் தூக்கினால் வழியிலேயே உயிர் போய்விடும் நிலை. கலா அக்கா முடிவெடுக்க நேரம் கேட்கவில்லை. கணவரும் மகன் கீதனும் போகவேண்டும், தாம் இருக்கவேண்டும் என்றார். ஒழுங்கை முழுவதும் ஆள்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர்கள் இருவரையும் முன்விறாந்தையில் உட்கார வைத்துத் தாமும் உட்கார்ந்தார். தியாகலிங்கம் கத்தியிருக்கிறார். உட்கார்ந்த பின்னர்தான் போகவிட்டார்.

அப்போது கீதன் பள்ளிச் சிறுவன். அவர்கள் சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கினார்கள். மாமியார் கார்த்திகையில் இறந்தார். ஓடாமல் எஞ்சியிருந்த ஒரு கிழவரின் துணையோடு, கலா அக்காவே வளவுக்குள் சிதை அடுக்கி எரித்தார். பிறகு, வெறுமையான அந்த ஊரில் அவர் தனியே இருந்தார். அடுத்த ஆண்டு சித்திரையில் பாதை திறந்து தந்தையும் மகனும் திரும்பி வந்தபோது, படலையைத் தள்ளவே முடியவில்லையாம். மாவிலையும் பலாவிலையும் முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து மக்கிக் கிடந்தன. அவர்கள் போன நாளிலிருந்து அந்த முற்றத்தை அவர் கூட்டவே இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டதாக அவருக்கு யாரும் வந்து சொல்லவில்லை அல்லவா? அயலவர்கள், தனிமையில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவரோ, மகனைக் கண்டதும் தழுவிக்கொள்ளவும் இல்லை. விளக்குமாற்றைத் தேடி எடுத்து, இருட்டும்வரை கூட்டினார்.

கீதனின் மனத்தில் பதிந்தது வேறு. அம்மா தன்னோடு வரவில்லை, வீட்டோடு இருந்துவிட்டார். நாற்பது வயதைக் கடந்த பின்னும் அந்த எண்ணம் அவனைவிட்டு அகலவில்லை. நகரத்தின் மறுகோடியிலுள்ள ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலைக்கு மேலாளராக இருக்கிறான். மனைவி கிருசாந்தியோடும் இரண்டு பிள்ளைகளோடும் பிளாக்ஹவுஸ் பேயில் வசிக்கிறான். தந்தை இறந்த பின், தன்னோடு வந்திருக்குமாறு தாயைப் பலமுறை அழைத்தான். அவர் ரானுயி வீட்டை விடவில்லை.

அந்த வீடு தெருவின் கடைசியில், ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. 2023 சனவரியில் ஒக்லாந்தில் பெய்த பெருமழையில் ஓடை தெருவுக்குள் புகுந்தது. மாலையில் கீதன் நகரத்தின் மறுகோடியிலிருந்து காரை ஓட்டிவந்து, மேட்டில் நிறுத்திவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து வீட்டை அடைந்தான். கலா அக்கா முன்விறாந்தையில் நின்றிருந்தார். வரமாட்டேன் என்றார். அண்டைக்கும் வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை என்று அவன் கத்தினான். ஒருமுறை வீட்டுக்குள் புகுந்து, படிகளில் சேற்றை விட்டு இறங்கிய தண்ணீர், மீண்டும் கீழ்ப்படியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் மகனிடம் சொன்னது: "ஒருக்கா இருந்திட்டுப் போ." வெள்ளத்துக்கு நடுவே உட்காரச் சொல்லித் தன்னைப் பரிகாசம் செய்கிறார் என்றே அவன் நினைத்தான். நின்ற நிலையிலேயே திரும்பி, தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டான். அவர் சமையலறை மேசை மேல் ஏறி அமர்ந்து, வெள்ளம் வடியும்வரை இருந்தார். கராஜில் அடுக்கியிருந்த எல்லாம் நனைந்து போயின.

அதன்பின் அவன் தாயைப் பார்க்க வரவில்லை. சனிக்கிழமைகளில் மரக்கறியும் மீனும் வாங்கி, குன்றின் மேல், மனைவி இறந்து பிள்ளைகளும் வெளியூர் போனபின் நான் தனியே இருந்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். கிருசாந்தி மட்டும் இடையிடையே கீழே போய்ப் பார்த்துவருவாள்.

வெள்ளத்துக்குப் பின் தொண்டர்கள் வந்து கலா அக்காவின் வீட்டைக் கழுவிக் கொடுத்தார்கள். முன்படிகளை மட்டும் தொட அவர் விடவில்லை. சேறு அப்படியே காய்ந்து வெடித்துக் கிடந்தது; மேல்படிச் சேற்றில் ஒரு சப்பாத்தின் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. விறாந்தைக் கூரை வெளியே நீண்டிருந்ததால், மழையிலும் அது கரையவில்லை. ஒருநாள் நான் அதைக் கூட்டிவிட எண்ணி, மூலையில் இருந்த தும்புத்தடியை எடுத்தபோது, "விடுங்கோ, மாஸ்ரர்" என்றார். முதுமையின் பிடிவாதம் என்று எண்ணி வைத்துவிட்டேன். அவரோ, வீட்டின் பின்பக்கத்தால் போய் வரப் பழகிக்கொண்டார்.

உயிருக்கு ஆபத்தான இடங்களில் உள்ள வீடுகளை நகரசபை விலைக்கு வாங்கி இடித்துவிடத் தீர்மானித்தது. கட்டாயமில்லை, விரும்பியவர்கள் கொடுக்கலாம். அந்தத் தெருவில் எல்லோரும் விரும்பினார்கள். சமோவாக் குடும்பம் முதலில் போயிற்று. பிறகு பஞ்சாபித் தம்பதியர். பிறகு, எதிர்வீட்டில் பூனைகளோடு வாழ்ந்த கிழவர். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் கம்பிவேலி வந்தது. சில மாதங்களில் வீடு இருந்த இடத்தில் புல் முளைத்தது. குப்பை அள்ளும் லொறி, ஒரே ஒரு தொட்டிக்காகத் தெருவின் கடைசிவரை வந்து திரும்பிப் போகும். ஆளில்லாத வளவுகளில் ஃபீஜோவாப் பழங்கள் உதிர்ந்து அழுகும். கலா அக்கா அவற்றைப் பொறுக்கி, ஒரு பையில் போட்டு, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் போய்விடுவார். மாலையில் என் சன்னலிலிருந்து பார்த்தால், அந்தப் பள்ளம் முழுவதிலும் அவருடைய சமையலறை விளக்கு ஒன்றே எரியும்.

முடிவு சொல்லவேண்டிய கடைசித் தவணை நெருங்கியபோது, கீதன் என்னிடம் வந்தான். தன் பேச்சு அங்கே எடுபடாது என்றும், வரலாறு தெரிந்தவர் சொன்னால் அம்மா ஒருவேளை கேட்பார் என்றும் சொன்னான். அடுத்த மழைக்கு மேசையும் உதவாது என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ஆயத்தத்தோடு போனேன். தேநீரும் ஜாமும் மேசைக்கு வந்தன. 1812ஆம் ஆண்டில் நெப்போலியன் நெருங்கியபோது, ரஷ்யப் படைத்தலைவர் மொஸ்கோவையே விட்டு விலகியதை எடுத்துக் காட்டினேன். தலைநகரை விட்டவர்கள் நாட்டை இழக்கவில்லை, பின்வாங்குவது தோல்வியன்று, இதை உலகத்துக்கு உணர்த்தியதே உங்கள் மக்கள்தாம் என்று முறையாக எடுத்துரைத்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சிரித்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அரிது.

"பாதியிலை விட்டிட்டியள், மாஸ்ரர். மொஸ்கோவைச் சும்மா விட்டிட்டே போனவை? எரிச்சுப்போட்டெல்லோ போனவை. விட்டிட்டுப் போறதெண்டால், வாறவனுக்கு ஒரு காய்ஞ்ச பாணும் மிஞ்சக் கூடாது."

பிறகு, நான் கேளாமலேயே கோல்யாவைப் பற்றிச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்பு அவருக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜெர்மானியப் படை வந்துகொண்டிருந்தபோது, தாயார் வயிற்றில் தமாராவோடு நடக்க முடியாத நிலையில் இருந்தார். கிழக்கே போன ஒரு வண்டியில், சிற்றன்னையோடு கோல்யாவை ஏற்றி அனுப்பினார்கள். வானூர்திகளின் இரைச்சல் கேட்டதால், வண்டிக்காரன் அவசரப்படுத்தினான், ஒருவரும் உட்காரவில்லை. நின்றபடியே பிள்ளையைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். அவ்வளவுதான். வண்டி எங்கே போனது, எது வரை போனது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. போருக்குப் பின் கூட்டுப்பண்ணையில் புதுவீடு கட்டிக்கொடுத்தபோதும், தாயார் போகவில்லை. எரிந்த வீட்டின் குழியிலேயே பல ஆண்டுகள் இருந்தார். பிள்ளை திரும்பி வந்தால், அவனுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதானே.

"அதுக்குப் பிறகு எங்கட வீட்டிலை ஒருத்தரும் இருக்காமல் வெளிக்கிட்டதில்லை. கீதன்தான் அண்டைக்கு நிண்டநிலையிலை போட்டான். போய்ச் சேந்ததெண்டு இன்னும் எனக்குச் சொல்லேல்லை."

அவன் நலமாகப் போய்ச் சேர்ந்தது எல்லோருக்கும் தெரியும் என்றும், சென்ற சனிக்கிழமைகூட என் வீட்டுக்கு வந்தான் என்றும் சொன்னேன்.

"ஓம். அது நீங்கள் சொல்லுறியள். அவன் சொல்லேல்லை."

அதற்குமேல் சொல்வதற்கு என்னிடம் வரலாறு இல்லை. குன்றேறி வந்து, கீதனுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கோல்யா என்று ஒருவன் இருந்ததே அவனுக்குத் தெரியாது. உட்காரும் கதையைச் சொன்னபோது, அவன் குரல் கடுத்தது. "அதையே இன்னும் பிடிச்சுக்கொண்டிருக்கிறா?" என்றான். பிறகு தொலைபேசியை வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில், பள்ளத்திலிருந்து புகை எழுவதைக் கண்டேன். முதலில் மூடுபனி என்று நினைத்தேன். பிறகு அது கறுத்துத் தடித்தது. வெறும் செருப்போடு இறங்கி ஓடினேன். கலா அக்கா பின்வளவில் ஓர் இரும்புத் தொட்டிக்குள் தீ மூட்டி, கராஜின் பலகைத் தட்டுகளை ஒவ்வொன்றாக முறித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளத்தில் நனைந்து பூசணம் பிடித்த பெட்டிகள், மாவுப் பைகள், பாண் துண்டுகள், தியாகலிங்கத்தின் கால் ஒடிந்த நாற்காலி எல்லாம் எரிந்தன. முகத்தில் கரி படிந்திருந்தது. பின்கதவருகே ஒரு பை தயாராக இருந்தது.

என்ன செய்கிறீர்கள் என்று மூச்சு வாங்கியபடி கேட்டேன்.

"நீங்கள்தானே வழி சொன்னியள், மாஸ்ரர். விட்டிட்டுப் போறன்."

எங்கே போவதாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிறகு அவருடைய நிலையை நானே ஊகித்துக்கொண்டேன். கூப்பிட்டவனை ஒருமுறை மறுத்து அனுப்பியாயிற்று. அவன் வரும்வரை தாமாகப் போக முடியாது. தங்குவதற்கு இனி எதையும் மீதம் வைக்கவும் மனமில்லை. ஒரு பலகையை முறித்துத் தீயில் போட்டார்.

குன்றின் மேல் யாரோ அழைத்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்தது. நகரத்துக்குள் இப்படித் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்பதை அவர்கள் மரியாதையாக எடுத்துச் சொல்லி, தண்ணீரைப் பாய்ச்சி அணைத்தார்கள். என்னை மகனா என்று கேட்டார்கள். அவரைவிட நான் மூன்று வயதே இளையவன். மகன் வருகிறான் என்று சொல்லிவிட்டு, ஈஸ்ட் டாமாக்கியில் கீதன் வேலைசெய்யும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வண்டி போயிற்று. சாம்பல் கலந்த சேறு பின்வளவிலிருந்து முன்முற்றம்வரை வழிந்து கிடந்தது.

கீதன் வேலைக்குரிய மஞ்சள் மேற்சட்டையோடு வந்து இறங்கினான். கோபத்தோடுதான் வந்தான், அது அவன் கதவை அறைந்து சாத்திய விதத்திலேயே தெரிந்தது. நானும் கலா அக்காவும் முன்விறாந்தையில் நின்றிருந்தோம். வேகமாக முற்றத்தைக் கடந்து வந்தவன், படியில் கால் வைக்கப்போய், குனிந்து பார்த்தான். காய்ந்த சேற்றில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தான். தன் சப்பாத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கால் உயர இலைக்குவியலுக்குள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்த சிறுவனும் அவன்தானே.

அவன் தாயை நிமிர்ந்து பார்க்காமல், அந்தத் தடத்தை நோக்கியே சொன்னான்.

"அம்மா, நான் போய்ச் சேந்திட்டன். மழையண்டைக்கு. பத்திரமாப் போய்ச் சேந்திட்டன்."

கலா அக்கா மூலைக்குப் போய்த் தும்புத்தடியை எடுத்து வந்தார். முதலில் கரையை மெதுவாகத் தட்டினார்; பிறகு அழுத்திக் கூட்டினார். வெடித்த சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. தடமும் அதோடு போயிற்று. கீதன் உதவிக்குக் கை நீட்டவில்லை. எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். படிகள் மூன்றும் சுத்தமான பின், தடியைச் சுவரில் சாய்த்தார்.

அப்போது கீதன் மேல்படியில் உட்கார்ந்தான். தன் பக்கத்தைக் கையால் தட்டி, "இருங்கோ, அம்மா. போவம்" என்றான்.

அவர் உடையில் கைகளைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் அமர்ந்தார். நான் விடைபெற எண்ணி ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"மாஸ்ரர், நீங்களும் இருங்கோ. நிண்டுகொண்டு ஆரையும் அனுப்பக் கூடாது."

நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். எதிரே புல் முளைத்த வளவுகள் வரிசையாகத் தெரிந்தன. ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று நான் கவனிக்கவில்லை. அவர்தான் முதலில் எழுந்தார். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். கதவைப் பூட்டவில்லை, திறப்பைக் கதவிலேயே விட்டார். எஞ்சிய அலுவல்களைக் கீதன் அடுத்த கிழமை பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். காரில் ஏறுமுன் அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு முற்றத்தையும் சாம்பலையும் பார்த்தார். கார் ஆளற்ற தெருவில் மெதுவாகப் போய், குன்றேறி மறைந்தது.

சாம்பலும் கரியும் கலந்த சேற்றில், அவர்கள் நடந்து போன தடங்கள் காரின் சக்கரத்தடம்வரை தெரிந்தன. இடிக்கப்போகும் வீடு; பார்ப்பதற்கும் ஆளில்லை. ஆயினும், அதை அப்படியே விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. தும்புத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, படியிலேயே காத்திருந்தேன். எதிர்வீட்டுக் கிழவர் விட்டுப்போன பூனைகளில் ஒன்று வேலிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிற்பகல் வெயில் வந்தது, போயிற்று.

தொலைபேசி ஒலித்தது. கீதனாக இருக்கும் என்று எண்ணி எடுத்தேன். பேசியவர் கலா அக்கா. பின்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்து சேந்திட்டம், மாஸ்ரர். இனிக் கூட்டுங்கோ."

நான் எழுந்தேன். படியிலிருந்து தொடங்கி, தெருவின் விளிம்புவரை, அந்த முற்றத்தை முழுவதுமாகக் கூட்டினேன். பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குன்றேறி வீட்டுக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்ததைச் சொல்வதற்கு எவரும் இல்லை. சன்னலைத் திறந்து, விளக்கில்லாத அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன்.